கிணற்றுத் தெரு வளர்த்த பசி

எசக்கிராஜின் வீட்டுப் பசி வாசற்படி தாண்டி வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குடிதண்ணீர் லாரி கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்து பெண்கள் எல்லாரும் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில். அதனால் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவருக்கும் வழியில்லாமல் போயிற்று. பிறந்து கொஞ்ச நாளே ஆன கன்றுக்குட்டியின் உயரம் இருந்தது. துவைத்துத் துவைத்து நிறம் போன வேட்டியைப் போல ஒரு வெளுப்பு. நாலு கால் இருந்தது, வாய் இருந்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை, வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அது லாரியின் நிழலுக்கு வந்து, குழாயிலிருந்து தரையில் சிந்திய தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டு, குடித்தது தப்போ என்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நின்றது.

லாரி டிரைவர் வெளியூர்க்காரர் என்பதால் அவர் மட்டும் இது என்ன என்று கேட்டார். எதிர்வீட்டுக் குருவம்மாள், இந்த எருமை யாருடையது என்று கேட்டால் சொல்வாளே அந்தக் குரலில், எசக்கிராஜோட பசி என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தை ஒரு எட்டு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. சாப்பிடாத வீட்டில் பசி எத்தனை காலம்தான் சும்மா உட்கார்ந்திருக்கும். எசக்கிராஜ் சாப்பிடாத கதை தெருவுக்குப் பழகிப்போன கதை. கல்யாணத்துக்கு முன்பு அவன்தான் கிணற்றுத் தெரு கபடிக் குழுவின் உயிர், ரெய்டு போனால் இரண்டு மூன்று பேரைத் தொடாமல் திரும்பாத ஆள். ஆனால் எடைப் பிரிவுப் போட்டிகளில் அறுபது கிலோவுக்கு மேல் ஒரு துளி இருந்தாலும் களத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பதால், போட்டிக்கு முந்தின வாரம் முழுக்கச் சோற்றை விட்டு, தண்ணீரை விட்டு, உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடி, எச்சிலைத் துப்பித் துப்பியே மிச்சத்தையும் இறக்கி, அவன் எடை மெஷினில் ஏறி நிற்கும்போது தெருவே சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், முள் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் விசில் அடிக்கும், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். ஜெயித்ததற்குக் கைதட்டியதைவிட எடை இறங்கியதற்குத்தான் அந்தத் தெரு அதிகம் கைதட்டியிருக்கிறது. பிறகு அவன் முட்டி போயிற்று, கபடி போயிற்று, குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். எடை இறக்குகிற பழக்கம் மட்டும் எங்கேயும் போகாமல் அவனோடேயே தங்கிவிட்டது.

மாவு மில்லில் வேலை பார்த்தான். அரைக்க வருகிறவர்களின் தூக்குச்சட்டியை எடை போட்டு முடித்ததும், யாரும் பார்க்காதபோது, அதே தராசில் தானும் ஏறி இறங்குவான். வீட்டில் ஒரு தோசையை வைத்தால் அதைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பிறகு பாதியைத் துண்டுக்குள் மடித்துக்கொண்டுபோய்க் காக்கைக்குப் போடுவான். ஏன் என்று கேட்டால் கோபம், கேட்காமல் விட்டால் அதைவிடக் கோபம். தெருவும் தன்னால் ஆனதைச் செய்யாமல் இல்லை. மந்திரித்துப் பார்த்தது, குடல் சுத்தமாகட்டும் என்று பேதிக்குக் கொடுத்துப் பார்த்தது, முப்பது வயது தாண்டிய ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வீம்பா என்று திட்டியும் பார்த்தது. எதற்கும் அசையவில்லை என்று தெரிந்ததும், பொறுப்பைத் தூக்கி அவன் மனைவி தலையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிற்று.

செண்பகவல்லிக்குத் தெருவின் வடகோடிப் பால்வாடியில் சமையல் வேலை. எந்தப் பிள்ளையையும் சாப்பிட வைத்துவிடுவாள் என்று பேர் வாங்கியவள். வாயைத் திறக்காத பிள்ளைக்கு ஒரு கதை, திறந்த வாயை மூடாத பிள்ளைக்கு ஒரு அதட்டல், இரண்டுக்கும் நடுவில் ஒரு உருண்டை. இப்படி ஊர்ப் பிள்ளைகளைத் தேற்றிவிட்டவள், வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு ஆளுக்கு ஒரு வாய் ஊட்ட முடியாமல் தோற்றாள். அதைத் தெரு அவள் முகத்துக்கு நேரே சொன்னது. வீட்டுக்காரர் சாப்பிட்ட பிறகுதான் தான் தட்டெடுப்பது அவள் பிறந்த வீட்டிலும் வழக்கம், வாழ வந்த வீட்டிலும் வழக்கம். இதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை, அவளும் இதைப் பற்றி யோசித்ததில்லை. அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான். அவள் அவன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். கையில் கரண்டியை வைத்துக்கொண்டு, பார்ப்பது தெரியாமல் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று மனசுக்குள் தள்ளிக்கொண்டு இருப்பாள். அவன் எழுந்து போகும்போது சோறு ஆறிப்போயிருக்கும். அந்த ஆறிப்போன சோற்றை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு வராது, பானையை மூடி வைத்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குருவம்மாள் முதலில் பழையசோற்றைக் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பசி குடித்தது. அய்யாத்துரை தன் பரோட்டாக் கடையிலிருந்து இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினார். அதையும் சாப்பிட்டது. மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, ஆளுக்கொரு கிண்ணமாக வந்து, எல்லாக் கிண்ணமும் காலியாகி, எல்லாருக்கும் மனசு நிறைந்துபோயிற்று. எத்தனை வருஷமாக அந்த வீட்டுக்கு எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொடுத்தது அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து நொந்துபோயிருந்தார்கள். இப்போது அந்த வீட்டிலிருந்தே ஒன்று வெளியே வந்து, வைத்ததையெல்லாம் வழித்து நக்கிச் சாப்பிடுகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

ஒரு வாரத்துக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் இன்னார் வீடு, மதியம் இன்னார் வீடு, சாயங்காலம் கடை. வீட்டுக்காரன் குறை சொன்ன குழம்பையும் பிள்ளைகள் ஒதுக்கிய பொரியலையும் அது ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் சாப்பிட்டதால், தெருவில் நல்லபடி சமைக்கத் தெரியாதவர்களுக்குக்கூட ஒரு தைரியம் வந்தது. பரோட்டாக் கடையில் அது சால்னா குடிப்பதைப் பார்க்கவென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் சும்மா போவார்களா, தாங்களும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வெயில் காலத்தில் அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டார்கள், மழை வந்தால் மில்லின் தாழ்வாரத்தில் ஒதுங்க இடம் விட்டார்கள்.

அதனுடைய ஒழுக்கத்தைப் பற்றித்தான் தெரு அதிகம் பேசியது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஆண்பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற வரைக்கும் அது வாயைத் திறக்காது; கிண்ணத்தை முன்னால் வைத்தாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் வராது, அடுத்த பந்திக்கும் வராது, பரிமாறினவர்கள் கடைசியாக உட்காரும்போதுதான் அவர்களோடு வந்து நிற்கும். பானையில் அடிப்பிடித்த சோறு இருந்தால் நல்ல சோற்றை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் சாப்பிடும். எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் ஒரு கை அளவு மிச்சம் வைத்துவிட்டு நகர்ந்துவிடும், யாருக்கோ எடுத்து வைத்ததுபோல. எசக்கிராஜின் அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள், பிள்ளையை என்ன பாங்காக வளர்த்திருக்கிறாள் பார் என்று தெரு மெச்சிக்கொண்டது. எந்த ஊரில் எந்த ஆண்பிள்ளையின் பசி அடுத்த ஆண்பிள்ளை கை கழுவும் வரைக்கும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு போடுகிற சந்தோஷத்தில் யாருக்கு என்ன தோன்றும்.

செண்பகவல்லியும் மற்றவர்களைப் போலத்தான் நம்பினாள். அவர் பசியாவது நன்றாக இருக்கட்டும் என்று குருவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அது மத்தியானம் ஆனால் பால்வாடி வாசலுக்கு வந்து நிற்கும், அவள் வெளியே வந்தால் அவள் புடவைத் தலைப்பை முகர்ந்துகொண்டே பின்னால் வரும், அவள் கையில் நெற்றியை வைத்துத் தேய்க்கும். இங்கே ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுக்குப் போ, போய்ச் சாப்பிடு என்று அவள் அதைத் தட்டித் தள்ளி அனுப்புவாள். எத்தனை தடவை தள்ளி அனுப்பியிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கிறது.

அவளுக்கு அந்த நாட்களில் ஒரு லேசு வந்திருந்தது. வயிறு கிள்ளுவதில்லை, பதினோரு மணிக்குக் கண் இருட்டுவதில்லை, அடுப்பில் ஏதாவது வதங்கினால் நாக்கு ஊறுவதில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு நினைப்பே இல்லாமல் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் வேலை செய்ய முடிந்தது. சாமி தன்மேல் இரக்கப்பட்டு ஒரு சுமையை இறக்கி வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தெருவும் அவளைப் பற்றிய கவலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டது. முன்பெல்லாம் அவள் ஒரு குளி குளித்து வருகிற வரைக்கும் யாராவது ஒருத்தி வந்து எசக்கிராஜோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யாராவது ஒருத்தர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பார். இப்போது எதிரில் பார்த்தால், உன் வீட்டுக்காரன் பசி நேற்று எங்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டது, நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு நல்ல காரியம் செய்த முகத்தோடு போய்விடுவார்கள். பால்வாடி ஸ்டெல்லா டீச்சர் மட்டும் இரண்டொரு தடவை கிச்சடியில் உப்பே இல்லை என்றும், பிறகு ஒருநாள் உப்பு கரித்தது என்றும் சொன்னார். ருசி பார்க்கவில்லையா வல்லி என்று கேட்டார். மறந்துட்டேன் டீச்சர் என்று அவள் சிரித்தாள். அவள் ரவிக்கை தோளிலிருந்து நழுவுவதையும் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குவதையும் பார்த்தவர்கள், புருஷன் கவலை தின்கிறது என்று சொன்னார்கள். அதைச் சொல்வதற்கு ஒன்றும் செலவில்லையே.

ஒரே ஒருவனுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தெரியும்.

எசக்கிராஜ் அன்றைக்கு ஜன்னலோரம் நின்று பார்த்தான். லாரி நிழலில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு அது யாருடையது என்று விளங்கிவிட்டது, ஏனென்றால் அவனுடைய பசி அவனுக்குள்ளேதான் இருந்தது. சாப்பிடாதவனுக்குப் பசியே இல்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவனுக்கு எந்நேரமும் பசி, கொல்லையில் கட்டிப்போட்ட நாய் மாதிரி ஒரு நிமிஷமும் தூங்காத பசி. அதைக் குரைக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் அவனுடைய பகல், அவனுடைய ராத்திரி, அவனுடைய முழு உழைப்பு. அதை விட்டுவிட்டால் தான் என்ன ஆவோம் என்ற பயத்தில் மற்ற எல்லாவற்றையும் விட்டிருந்தான்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம், அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அவன் பசி தெருவில் நன்றாக இருக்கிறது என்று நம்பியதால் தெருக்காரர்கள் யாரும் கிண்ணத்தோடு வந்து அவன் வாயைப் பார்ப்பதில்லை. வல்லியும் தட்டுக்கு எதிரில் கரண்டியோடு உட்காருவதில்லை, வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சாப்பாட்டு நேரம் என்பது சண்டையில்லாமல், கண்ணீர் இல்லாமல், கெஞ்சல் இல்லாமல் வந்து போயிற்று. நாளைக்குச் சொல்லலாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு இருந்தான், அந்தக் கொஞ்ச நாளில் ஆடி போய், தீபாவளி போய், பங்குனி வெயிலும் வந்துவிட்டது.

பங்குனியில் ஒரு மத்தியானம் பால்வாடியில் கிச்சடியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு சாய்ந்தாள். ஸ்டெல்லா டீச்சர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், மில்லிலிருந்து எசக்கிராஜும் வந்து சேர்ந்தான். வாசலில் இருந்த நர்ஸ் நேரே அவன் கையைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னாள். நான் இல்லை, உள்ளே இருக்கிறவள் என்று அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டாக்டர் இளவயசுப் பெண். கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டீர்கள் என்று செண்பகவல்லியைக் கேட்டார். அவள் நன்றாக யோசித்துவிட்டு, பசிக்கவில்லையே டாக்டர் என்றாள், அது ஒரு நல்ல சேதி என்பதுபோல. டாக்டர் வெளியே வந்து, உடம்பு தன்னையே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது, இதயம் வரைக்கும் தொட்டுவிட்டது, ஊசி வழியாகச் சத்தை ஏற்றலாம், பசியை ஏற்ற முடியாது, அவர்களே கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தால்தான் மீளலாம் என்று சொன்னார். பிறகு எசக்கிராஜை மேலும் கீழும் பார்த்து, உங்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு, திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டரின் பெயரைச் சொல்லி, கட்டாயம் போங்கள் என்றார்.

பிளாஸ்க்கில் வெந்நீரும் இட்லியுமாக வந்திருந்த குருவம்மாளும், கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்த அய்யாத்துரையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எசக்கிராஜ் அவர்கள் முன்னால் வந்து நின்றான்.

"சித்தி, அது என் பசி இல்ல," என்றான்.

"எது?"

"நீங்க வளக்கிறது. அது வல்லியோடது. என் பசி என்னைய விட்டு ஒருநாளும் போனதில்ல சித்தி. இந்தா, இப்பவும் உள்ளதான் கெடக்கு."

அய்யாத்துரைக்குக் கோபம் வந்தது. ஊர் கூடிச் சாப்பாடு போட்டதற்கு இப்படி ஒரு பேச்சா, அப்படியானால் இத்தனை நாளும் நாங்கள் யாருக்குப் போட்டோம் என்று கேட்டார். குருவம்மாள் மனசுக்குள் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றதும், கடைசிப் பந்தியும், அடிப்பிடித்த சோறும், யாருக்கோ எடுத்து வைத்த ஒரு கை மிச்சமும் ஒவ்வொன்றாக வந்து நின்றிருக்க வேண்டும். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"பொம்பளப் பசின்னு எனக்குக்கூடத் தெரியாமப் போச்சே," என்றாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "தெரிஞ்சவன் நீ ஏம்லே சொல்லல?"

"சொன்னா என்னையச் சாப்பிடச் சொல்வீகல்ல. அதான்."

இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

தெரு இந்தச் செய்தியையும் உள்ளே வாங்கிக்கொண்டது, ஆனால் முதல் செய்தியை வாங்கிக்கொண்ட வேகத்தில் வாங்கவில்லை. நாம் போட்டதெல்லாம் எப்படியும் அவளுக்குத்தானே போயிருக்கும், பிறகு ஏன் இளைத்தாள் என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். வயிறு தெருவில் நின்றது, உடம்பு வீட்டில் வேலை செய்தது, இடையில் எப்படிப் போகும் என்று குருவம்மாள் கேட்டாள். எங்கள் பிள்ளைகள் அதோடு பழகிவிட்டார்களே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். பரோட்டாக் கடையில் கூட்டம் குறைந்தது. தங்கள் கையால் நன்றாகச் சாப்பிட்டது எசக்கிராஜ் அல்ல, செண்பகவல்லி என்று தெரிந்தபோது அவர்களுக்குக் கிடைத்திருந்த பெருமை ஏன் பாதியாகக் குறைந்தது என்று அவர்களில் யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், எனக்குக் கிடைத்த பதில் தெருவுக்கு மரியாதையான பதில் அல்ல.

ஊசி வழியாக ஏற்ற வேண்டிய சத்தை ஏற்றி முடித்ததும் செண்பகவல்லியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். பசியையும் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த மாதங்களில் அது நன்றாக ஊறி, ஒரு பசுவின் முக்கால் உயரம் வந்திருந்தது. படி வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், கஞ்சியைக் காட்டிப் பார்த்தார்கள், பின்னாலிருந்து நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

குருவம்மாள்தான் கண்டுபிடித்தாள். "இந்த வீட்டு ஆம்பள சாப்பிடாம அது உள்ள வராதுலே," என்றாள்.

எசக்கிராஜ் நடுவீட்டில், வாசலைப் பார்த்து, தட்டோடு உட்கார்ந்தான். ரசஞ்சோறு. ஒரு காலத்தில் எடை மெஷினைச் சுற்றி நின்று விசில் அடித்த தெரு, இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கைதட்டிவிடக் கூடாது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது, ஒரு வார்த்தைகூடச் சொல்லிவிடக் கூடாது என்று குருவம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். அது நாக்கில் கிடந்தது. மில் தராசின் முள் அவன் கண்ணுக்குள் ஏறிற்று, கட்டிப்போட்டிருந்த நாய் சங்கிலியை இழுத்தது, வியர்த்தது, ஓடிப்போய்த் துப்பிவிடலாம் என்று இருந்தது. கட்டிலில் அவள் மூச்சு விடுவது கேட்டது. விழுங்கினான். வாசலில் பசி ஒரு காலை எடுத்துப் படிமேல் வைத்தது.

அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. மறுநாள் இரண்டு வாய், அதற்கு அடுத்த நாள் ஒன்றுமே முடியாமல் தட்டைச் சுவரில் வீசி எறிந்து அழுதான், பசி படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டது. திரும்ப உட்கார்ந்தான். சாப்பிடுவது அவனுக்குத் தண்டனையாக இருந்தது, அந்தத் தண்டனை போதாது என்றும் இருந்தது. தனக்கு எதிரே அவள் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்த வருஷங்கள் எல்லாம் அவனுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. குருவம்மாள் தினமும் சமைத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். ஒரு சாயங்காலம் அவன் தட்டில் இருந்ததைத் தின்று முடித்து, எழுந்து, கொல்லைக்குப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்தபோது வாசல் காலியாக இருந்தது. கட்டிலில் செண்பகவல்லி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"சோறு இருக்கா?" என்று கேட்டாள்.

டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று குருவம்மாள் குழையக் கரைத்த கஞ்சியைக் கொண்டுவந்தாள். எசக்கிராஜ் அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். செண்பகவல்லி அதைக் குடிக்கும்போது அவளையறியாமல் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"எனக்கு இம்புட்டு நாளும் பசிச்சிருக்கு, இல்லையா அத்தை," என்றாள்.

குருவம்மாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். செண்பகவல்லி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்," என்றான்.

அவள் காலிக் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றாள். அவன் ஊற்றினான்.

அதைப் பற்றி அவள் அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. உடம்பு தேறப் பல மாதம் ஆயிற்று, தேறிய பிறகும் மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவந்தது. பால்வாடிக்குத் திரும்பப் போனாள், பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கிச்சடியை ஒரு கிண்ணம் எடுத்துத் தான் சாப்பிட்டாள். வீட்டில் அவளுக்குப் பசிக்கிற நேரத்துக்கு அவள் சாப்பிட்டாள். ஆள் மாறிவிட்டாள், நெஞ்சு கல்லாகிவிட்டது என்று தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். குருவம்மாள் காதில் விழுந்தபோது முணுமுணுத்தவர்களுக்கு நன்றாகக் கிடைத்தது. எசக்கிராஜுக்கும் அவள் வைத்தாள், இருப்பதை வைத்தாள், வைத்துவிட்டு அவன் தட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவன் பிய்க்கிறானா, பரப்புகிறானா, துண்டுக்குள் மடிக்கிறானா, எதையும் பார்ப்பதில்லை. தன் தட்டை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பான். இப்போது அது கிடைத்திருந்தது. மாதம் ஒருமுறை பஸ் ஏறித் திருநெல்வேலிக்குத் தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான், வந்து என்ன சொன்னார் என்று சொல்ல ஆரம்பித்தால் அவள் கேட்டுக்கொள்வாள், வேலையாக இருந்தால் பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எசக்கிராஜ் தட்டைப் பார்த்தான், தட்டில் ஒன்றும் இல்லை. ஒரு முழு தோசை. பிய்த்துப் பரப்பவில்லை, மடித்து ஒளிக்கவில்லை, எண்ணவில்லை, ஏதோ நினைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்திருக்கிறான். முன்பென்றால் அவள் தெருவையே கூப்பிட்டிருப்பாள், அழுதிருப்பாள், அவன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சியிருப்பாள். வல்லி என்று கூப்பிட்டுக் காட்ட அவன் வாயைத் திறந்தான்.

அவள் தோசையைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, உதட்டோரம் சட்னி ஒட்டியிருக்க, வேறு எதையும் நினைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் அந்தக் கை பாதியில் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான். சட்னிக் கிண்ணத்தை அவள் கைக்கு எட்டும்படி சத்தமில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.